நல்ல கிருமியும் கெட்ட பாசியும்

நமது மொழியில் வெளிவரும் அறிவியற் கட்டுரைகளிற் பழங்கதை ஒன்று அடிக்கடி தலைகாட்டுகிறது. குளத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. நல்ல பற்றீரியாக்களை விட்டால் அவை பாசியைக் கொன்று நீரைத் தூய்மையாக்கிவிடும் என்பதே அக்கதை. தேவாசுர யுத்தத்தைக் குளத்துக்குள் இறக்கும் இவ்வெழுத்தை நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, பாசி எனப்படும் அந்த ‘அசுரனே’ ஒரு பற்றீரியாதான். 1999இல் கண்டி வாவியைப் பச்சையாக்கிய மைக்குரோசிஸ்டிஸ் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் கலங்களைச் சூழ்ந்துள்ள பசையிற் பிற பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. பாசி கசியவிடும் சேதனப் பொருளை உண்டு, பொசுபரசையும் நைதரசனையும் அதற்கே திருப்பிக் கொடுக்கின்றன. இது போரன்று, கொடுக்கல் வாங்கல்.

பாசியைக் கொல்லும் பற்றீரியாக்களும் இல்லாமலில்லை. இலங்கை விஞ்ஞானி பத்மலால் மானகேயும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அத்தகைய ஒன்றைப்பற்றி 2000இல் எழுதினர். ஆனால், கொல்லப்பட்ட கலம் உடையும்போது அதனுள்ளிருந்த நஞ்சு நீரிற் கலந்துவிடுகிறதே! பாசி நஞ்சு கலந்த நீரை இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தியதால், பிரேசிலின் கருவாரு நகரில் 1996இல் ஐம்பதுக்கு மேற்பட்ட நோயாளர் மாண்டனர். அந்நஞ்சைச் சிதைக்கும் பற்றீரியாக்களும் உண்டு. 1990களில் அவுஸ்திரேலியாவில் அவை கண்டறியப்பட்டன. இறந்த பாசியை அழுகச் செய்பவையோ நீரின் ஒட்சிசனை உறிஞ்சி மீன்களை மடியவைக்கின்றன. அடிச்சேற்றிலுள்ள பொசுபரசு மீண்டும் கரைந்து அடுத்த பாசிக்கு உணவாகிறது. இவற்றுள் நண்பன் யார், பகைவன் யார்?

இக்கேள்விக்கு விடை உயிரினங்களின் குணத்தில் இல்லை. அவை வாழும் சூழ்நிலையில் இருக்கிறது. அச்சூழ்நிலையை ஆக்குபவன் மனிதன். 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டத்தால், ஊவாவில் ஓடிக்கொண்டிருந்த நீர் இன்று புகுல்பொலவிலும் டயறாபாவிலும் தேங்கி நிற்கிறது. மேலே வெலிமடையின் மரக்கறிப் பாத்திகள். சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். மழை பெய்தால் உரமும், கழிவறை வசதி போதாத லயங்களின் கழிவும் நீரைத் தேடித்தானே வரும்? போசணை, தேக்கம், வெயில் ஆகிய மூன்றும் கூடினாற் பாசிக்கு அழைப்பு வேண்டியதில்லை.

அப்போது வழமையான உபதேசம் ஒன்று வரும்: “காய்ச்சிக் குடியுங்கள்.” காய்ச்சினாற் கிருமி சாகும், பாசியின் நஞ்சு அழியாது. கலங்கள் உடைந்து, அடைபட்டிருந்த நஞ்சும் வெளிப்படும். அடுப்பங்கரையில் நிற்கும் தோட்டத்துப் பெண்ணின் தலையிற் பொறுப்பைச் சுமத்தும் இவ்வுபதேசம் அறிவியலும் அன்று, நீதியும் அன்று.

பற்றீரியா ஆய்வை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நஞ்சைச் சிதைக்கும் உயிர்களை நீர் வடிகட்டிகளிற் பயன்படுத்தும் முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும், மேலிருந்து உரமும் மலமும் இறங்கிக்கொண்டிருக்கக் கீழே கிருமியை ஏவுவது, ஓட்டைக் குடத்துக்கு உள்ளே வர்ணம் பூசுவதாகும். குளத்தைப்பற்றி எழுதுவோர் குளக்கரையோடு நின்றுவிடலாகாது. மலையேறி, அங்கே நிலம் யாருடையது, உரமிடச் சொல்பவர் யார், லயத்துக்குக் கழிவறை ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டும். மாணவர் கையில் நாம் கொடுக்க வேண்டிய அறிவியல் எழுத்து அதுவே.