ஏவலும் விளக்கமும்: சிறுவருக்கான சக்திச் சிக்கன எழுத்துப் பற்றிச் சில சிந்தனைகள்

சிறுவரை முன்னிறுத்தி எழுதப்படும் சுற்றாடல் சார்ந்த ஆக்கங்கள் பாடசாலைச் சஞ்சிகைகளிலும் போட்டி மலர்களிலும் நாளிதழ்களின் சிறுவர் பகுதிகளிலும் தாராளமாகக் காணப்படுகின்றன. எண்ணிக்கையிற் பெருகிய அளவுக்கு அவை விமரிசனத்துக்கு உட்படுத்தப்படவில்லை. நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்டவை என்பதனால் அவற்றைத் தொடாது விட்டுவிடுவதே எமது வழக்கமாயிற்று. ஆயின், நோக்கம் நல்லதாயிருத்தல் எழுத்து நல்லதாயிருத்தற்குப் பிணையாகாது.

இவ்வாக்கங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. கவனமற்ற பிள்ளையொன்று மின்விளக்கை அணைக்காது விளையாடச் செல்லும். தந்தையோ ஆசிரியரோ அறிவுரை கூறுவர். பிள்ளை மனம் வருந்தித் திருந்தும். மின்சாரம் எங்கிருந்து வருகின்றது, எதனால் குறைகின்றது, எதற்கு எவ்வளவு செலவாகின்றது என்பன பற்றி ஒரு வரியும் இராது. வினைச்சொற்களை எடுத்து நோக்கின் அவை யாவும் ஏவல்களாகவே இருக்கும்.

இவ்வேவல் மரபு புதிதன்று. ஆத்திசூடியை மனனஞ் செய்வித்த திண்ணைக் கல்வியும், ஆறுமுக நாவலரின் பாலபாடங்களும் அதன் முன்னோடிகள். மனித ஒழுக்கத்தைப் போதிக்க ஏவல் போதுமானதாக இருந்திருக்கலாம். பொய் சொல்லலாகாது என்பதைக் கணக்கிட்டு நிறுவவேண்டிய தேவை இல்லை. சக்திச் சிக்கனமோ அளவும் நேரமும் காரணகாரியமும் சார்ந்த விடயம். அதனை நீதிநூலின் அச்சில் வார்க்கும்போது பொருள் சிதைந்துவிடுகின்றது.

ஈழத்துச் சிறுவர் இலக்கியத்தில் வேறொரு மரபும் உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை நினைவுகொள்ளலாம். கூழும் கொழுக்கட்டையும் ஆக்கப்படும் முறையே அப்பாடலின் உடல். அதில் உபதேசம் இல்லை. பாடி முடிக்கும் பிள்ளை ஒரு செய்முறையை அறிந்துகொள்கின்றது. இந்த இரண்டாவது மரபினை எமது சுற்றாடல் எழுத்தாளர்கள் ஏன் மறந்தனர் என்பது சிந்தித்தற்குரியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் கட்டுரைப் போட்டியொன்றின் நடுவர் குழுவில் அமர நேர்ந்தது. தலைப்பு, மின்சாரத்தைச் சேமிப்போம் என்பது. ஒரேயொரு கட்டுரை வேறுபட்டிருந்தது. 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போய், பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமையாகிய காலத்தில், தன் அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கில் படிப்பித்த கதையை அப்பிள்ளை எழுதியிருந்தது. போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது ஊறுமளவுக்கே எண்ணெய் விட்டு, சிறு திரியை உள்ளேயே எரியவிடுவர். போத்தலே சிமினியும் ஆகும், காற்றுக்கு மறைப்பும் ஆகும். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி டைனமோவினால் வானொலி கேட்டமையும் அதிற் கூறப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் அளவைத் தேக்கரண்டிக் கணக்கில் எழுதிய அக்கட்டுரைக்குப் பரிசு கிடைக்கவில்லை. ‘அறிவுரை இல்லை, முடிவுரை இல்லை’ என்பது நடுவர்கள் கண்ட குறை. அத்தீர்மானத்துக்கு நானும் உடன்பட்டேன்.

அன்று நாம் பரிசளித்த கட்டுரைகள் யாவும் மின்குமிழ் பற்றியனவே. கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். 9 வாற்று மின்குமிழ் ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட ஏறத்தாழ 111 மணித்தியாலம் எரியவேண்டும். 1000 வாற்று மின்னழுத்தி அதனை ஒரு மணித்தியாலத்திற் செலவிட்டுவிடும். 60 வாற்றுக் குமிழ்கள் எரிந்த காலத்தில் விளக்குக்கு ஓரளவு முக்கியத்துவம் இருந்தது; அக்காலத்து உபதேசமே இன்றும் பிரதி செய்யப்படுகின்றது. எரியும் விளக்கு கண்ணுக்குத் தெரியும், கதைக்கும் வாய்ப்பானது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் புலப்படவில்லை.

நேரத்தின் பங்கு இதனினும் நுட்பமானது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாயிற்று. 2025 ஏப்பிரலிலோ, புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை மிகத் தாழ்ந்தமையால், கூரைகளிலுள்ள சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. குறைத்துச் செலவிடுவதே நன்று என மட்டும் கற்ற பிள்ளைக்கு இவ்விரு நிகழ்வுகளையும் ஒருசேர விளங்கிக்கொள்ளும் வழி இல்லை.

மலையகத்தை நோக்குமிடத்து இக்குறைபாடு வேறொரு பரிமாணம் பெறுகின்றது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுள் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியுள்ளது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளித்தெரியும். அந்நீரே கென்யன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என மூன்று மின்நிலையங்களைக் கடந்து கீழிறங்குகின்றது. ஒரே நீர் மும்முறை மின் தருகின்றது. கோயில் எவ்வளவு தெரிகின்றது என்பதைக் கொண்டே நாட்டின் மின்நிலையை ஊகிக்கக்கூடிய பிள்ளைகள் அங்குள்ளனர். இதைவிடச் சிறந்த பாடப்பொருளை எங்கே தேடுவது? எனினும் நீண்டகாலமாக அந்நீர்த்தேக்கங்களை அண்டிய பல லயன்களுக்கு மின்சாரம் எட்டவில்லை. விறகு பொறுக்கி வந்து குப்பி விளக்கிற் படித்த பிள்ளைக்கு விளக்கை அணைக்குமாறு போதித்த எழுத்தாளன், தன் வாசகன் யார் என்பதை அறியாதவன் என்றே கொள்ளவேண்டும். வசதியுள்ள நகர வீட்டின் பழக்கத்தை எல்லாப் பிள்ளைகளின் குற்றமாகக் காட்டுவது இலக்கியக் குறைபாடு மட்டுமன்று.

சிறு பிள்ளைக்கு வாற்றும் அலகும் விளங்குமா, முதலிற் பழக்கம், பின்னரே விளக்கம் என ஆசிரிய நண்பர்கள் வாதிடுவதுண்டு. ஐந்து வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை இதனை ஏற்கலாம். பன்னிரண்டு வயதிலும் அதே கதையைக் கொடுப்பதற்கு இது நியாயமாகாது. தேக்கரண்டியால் மண்ணெண்ணெய் அளந்த கட்டுரையை எழுதியதும் ஒரு பிள்ளையே.

அண்மையில் அதே போட்டிக்குத் தலைப்புத் தெரியும் கூட்டத்தில் ‘எங்கள் வீட்டு மின்பட்டியல்’ என்ற தலைப்பை முன்மொழிந்தேன். பட்டியலைக் கொண்டுவரச் சொன்னால் வீட்டின் வசதியும் வறுமையும் வகுப்பறையில் வெளிப்பட்டுவிடும் என ஓர் ஆசிரியை மறுத்துரைத்தார். அம்மறுப்பு நியாயமானது, அதற்கான விடை அப்போது என்னிடம் இருக்கவில்லை. தலைப்பு இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.