தோளுக்கு ஒரு பிரஸ்
தாராபுரத்து ஜிம்மில் சாயங்காலம் டம்பெல் ஷோல்டர் பிரஸ் போடுகிறவரைப் பின்னாலிருந்து பாருங்கள். பார்பெல்லில் வலக்கை இடக்கையின் சோம்பலை மறைத்துவிடும். டம்பெல்லில் அந்தச் சலுகை கிடையாது, பலம் குறைந்த கை நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் எடை கூட்டலாம். நின்று தூக்கினால் வயிறும் இடுப்பும் சேர்ந்து உழைத்தாக வேண்டும். முதுகை வளைத்து ஏமாற்றுவது பழைய வியாதி. ஒலிம்பிக் பளுதூக்குதலில் பிரஸ் 1972 மியூனிக்கோடு நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்தது ஆர்னால்ட் பிரஸ். உள்ளங்கை முகத்தைப் பார்த்துத் தொடங்கி, ஏறும்போதே கை திரும்பி, உச்சியில் வெளியே பார்க்கும். கனத்தைக் குறைத்தால்தான் அந்தத் திருப்பம் வழுக்காமல் வரும். எதைப் போட்டாலும் முன்தோளுக்குத்தான் பெரும்பங்கு. பின்தோளுக்குக் குனிந்து பக்கவாட்டில் தூக்க வேண்டும். “அதையும் ரெண்டு செட் போடுங்க தம்பி” என்று மாஸ்டர் சொன்னால் கேட்பவர் குறைவு.