வயோமிங் காவியமும் பொய்ச்சாட்சியும்

ஸ்காத்துலாந்துக் கவிஞர் தாமஸ் காம்பெல் 1809இல் வெளியிட்ட ‘வயோமிங்கின் கெர்ட்ரூட்’ என்னும் நெடுங்கவிதை, அமெரிக்க விடுதலைப் போரின்போது எல்லைப்புறக் குடியேற்றம் ஒன்று அழிந்த கதையைப் பொருளாகக் கொண்டது. வயோமிங் என்பது பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் அமைந்த பள்ளத்தாக்கு. கவிதையின் யாப்பு நலனை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. மறைப்பணியாளருக்கு அது எழுப்பும் அறவினா ஒன்றையே ஈண்டு ஆராய்கிறோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1778 ஜூலை 3ஆம் நாள், ஆங்கில மன்னரின் சார்பில் ஜான் பட்லர் நடத்திய படையும், அதனோடு சேர்ந்த செனெக்கா முதலிய இரோக்குவா இனத்து வீரர்களும் அப்பள்ளத்தாக்கில் இருந்தனர். தாங்கள் பிடித்திருந்த சிறு கோட்டைக்குத் தீயிட்டுப் பின்வாங்குவதுபோல் அவர்கள் காட்டினர். அதனை நம்பி, குடியேறியோரின் படையினர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் செபுலோன் பட்லரின் தலைமையில் முன்னேறினர். தரையோடு தரையாகப் படுத்திருந்த செனெக்கர், அவர்கள் அணுகும்வரை காத்திருந்து எழுந்து தாக்கினர். ஓடியவருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 227 தலைத்தோல்கள் எடுக்கப்பட்டதாக ஜான் பட்லரே அறிக்கை விடுத்தார். மறுநாள் கோட்டை சரணடைந்தது. வீடுகள் எரிந்தன, ஆயினும் சரணடைந்த பெண்டிரும் பிள்ளைகளும் கொல்லப்படவில்லை. காட்டினூடே தப்பியோடியவருட் பலர் பசியாலும் களைப்பாலும் மாண்டனர். இத்துயரம் மெய்யானது, இதனைக் குறைத்துரைப்பாரோடு நாம் உடன்படோம்.

காம்பெல் இத்துயரத்தை ஆல்பர்ட் என்னும் முதியவர், அவர் மகள் கெர்ட்ரூட், அவள் கணவன் ஹென்றி ஆகியோரின் வாழ்வில் வைத்துப் பாடுகிறார். ஓனைடா இனத்து நண்பர் அவுட்டலிசி ஆபத்தை அறிவிக்க வருகிறார். தந்தையும் மகளும் சுடப்பட்டு இறக்கின்றனர். கெர்ட்ரூட் விடைபெறும் பகுதி உள்ளத்தை உருக்குவது. அமெரிக்காவைக் கண்டிராத கவிஞர் பென்சில்வேனியாவின் நீர்நிலைகளில் பூநாரைகளை உலவவிட்டதை நகைத்து விட்டுவிடலாம். வேறொரு பிழையை அவ்வாறு விடலாகாது.

கொலைக்குத் தலைவனாக, அரக்கன் என்னும் அடைமொழியோடு, காம்பெல் பெயர் சுட்டுவது மொஹாக் தலைவர் ஜோசப் பிராண்டை. பிராண்ட் அன்று வயோமிங்கில் இருக்கவேயில்லை. அவர் போர்த்தலைவர், எல்லைப்புறத் தாக்குதல்கள் பலவற்றை நடத்தியவர் என்பதும் உண்மையே. அவரே ஆங்கிலிக்கத் திருச்சபையின் உறுப்பினருமாவார். மாற்கு நற்செய்தியை மொஹாக் மொழியில் பெயர்த்தவர். அம்மொழிபெயர்ப்பு 1787இல் மொஹாக் செபப் புத்தகத்தோடு இலண்டனில் அச்சாயிற்று. 1807இல் அவர் மறைந்தார்; ஆதலின் 1809இல் எழுந்த குற்றச்சாட்டுக்கு அவர் மறுமொழி கூற இயலவில்லை. அவர் மகன் ஜான் பிராண்ட் இலண்டன் சென்று சான்றுகளைக் காட்டினார். 1822இல் காம்பெல் அவருக்குக் கடிதம் எழுதித் தவற்றை ஒப்புக்கொண்டார்; பின்வந்த பதிப்பில் குறிப்பும் சேர்த்தார். ஆனால் பாட்டிலிருந்து பெயர் நீக்கப்படவில்லை.

கவிஞருக்குக் கற்பனையுரிமை உண்டு, மேலும் அவர் அக்கால வரலாற்று நூல்களையே நம்பினார் எனச் சிலர் வாதிடலாம். நல்லோர்க்கெல்லாம் கற்பனைப் பெயர் சூட்டிய கவிஞர், தீயோனுக்கு மட்டும் மெய்ப்பெயர் இட்டது ஏன்? கற்பனையுரிமை அங்கேயும் இருந்ததன்றோ? பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்பவனும் சாட்சி கூறுபவனே. யாத்திராகமம் 20:16 அவனையும் கட்டும்.

பொய்ச்சாட்சி சொல்லளவில் நிற்பதில்லை. வயோமிங்கில் பெண்டிரும் பிள்ளைகளும் படுகொலையுண்டனர் என்னும் கதை 1778இலேயே செய்தித்தாள்களில் பரவிற்று. செய்யாத குற்றம் தம்மேல் சுமத்தப்பட்டது செனெக்கரின் சினத்தை வளர்த்தது. அவ்வாண்டு நவம்பர் 11இல் செர்ரி வேலி என்னுமிடத்தில் படையினரல்லாதார் முப்பதுக்கு மேற்பட்டோர் மெய்யாகவே கொல்லப்பட்டனர். அங்கிருந்த பிராண்ட் சில குடும்பங்களைக் காக்க முயன்றார். 1779இல் தளபதி சல்லிவனின் படை இரோக்குவாரின் நாற்பது ஊர்களையும் விளைபயிர்களையும் அழித்தது. நாபோத்தின் வரலாற்றில் பொய்ச்சாட்சியைத் தொடர்ந்து திராட்சத்தோட்டம் பறிபோயிற்று. இங்கும் பழிச்சொல்லைத் தொடர்ந்து நிலம் பறிபோயிற்று. வயோமிங் நிலம் யாருடையது என்னும் வழக்கைக் காம்பெலின் இன்பப் பள்ளத்தாக்கு எழுப்புவதே இல்லை.

அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் நமக்கு இக்கவிதை ஓர் எச்சரிக்கை. துன்புற்றோர்க்காக இரங்குவது நம் கடமை. அவ்விரக்கத்தை மிகுவிக்க எதிரியின்மேல் செய்யாத பழியை ஏற்றுவது பாவம். பிரசங்க பீடத்திலிருந்து ஓர் இனத்தாரைப் பற்றியோ பிற சமயத்தாரைப் பற்றியோ கேள்விப்பட்ட கதையைக் கூறுமுன், அதன் மெய்ம்மையை நாம் ஆராய்ந்தோமா? சபையார் பாட்டை நினைவில் வைப்பர். அடிக்குறிப்பை எவரும் வாசியார். தவறு தெரிந்தபின் அதனைத் திருத்த வேண்டிய இடம், அது கூறப்பட்ட அதே பீடமே.