ஏலம் எடுத்தவர் எடுத்த படம்

'ஃபைண்டிங் விவியன் மையர்' (2013) ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள்கூட அதன் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007-ல் சிகாகோவில் ஜான் மாலூஃப் என்ற இளைஞர், தான் எழுதிக்கொண்டிருந்த வட்டார வரலாற்றுப் புத்தகத்துக்குப் பழைய போட்டோ ஏதாவது கிடைக்குமா என்று ஒரு ஏலக்கடைக்குப் போகிறார். சுமார் 400 டாலருக்கு ஒரு பெட்டி நெகட்டிவ் வாங்குகிறார். பணக்கார வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயா பல பத்தாண்டுகளாக எடுத்த தெருப் படங்கள் அவை. இன்றைக்கு விவியன் மையர் உலகறிந்த பெயர். ஆவணப்படமும் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

நல்ல படம்தான், பாருங்கள். பேட்டிகளைக் கோர்த்த விதத்தில் ஒரு துப்பறியும் கதையின் வேகம் இருக்கிறது. என் புகார் ஒன்றே ஒன்று. இது ஏலம் எடுத்தவரே எடுத்த படம். சார்லி சிஸ்கலோடு சேர்ந்து இயக்கியவர் அதே மாலூஃப். அதனால் கதை அவர் பெட்டி வாங்கிய நாளில் தொடங்குகிறது. அந்தப் பெட்டி ஏலத்துக்கு எப்படி வந்தது என்ற இடத்தில் படம் அதிகம் நிற்பதில்லை.

வந்த வழி இதுதான். அமெரிக்காவில் ஷட்டர் போட்ட சின்னச் சின்ன அறைகளை மாத வாடகைக்கு விடும் கிடங்குகள் ஊருக்கு ஊர் உண்டு. வாடகை பாக்கி விழுந்து, அறிவிப்புக்கும் பதில் இல்லையென்றால் உள்ளே இருப்பது மொத்தமும் விற்பனைக்குப் போய்விடும். 2010 டிசம்பரில் 'ஸ்டோரேஜ் வார்ஸ்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதே இந்த ஏலத்தை வைத்துத்தான். பூட்டை உடைப்பார்கள், ஷட்டரைத் தூக்குவார்கள். வாசலில் நின்று சில நிமிடம் எட்டிப் பார்க்கலாம். உள்ளே கால் வைக்கவோ, பெட்டியைத் திறக்கவோ கூடாது. அப்படியே ஏலம் கேட்கணும். தொடரின் சுவாரசியமே அதுதானே? பொருளை முன்கூட்டியே வைத்து நாடகமாடினார்கள் என்று அதில் நடித்த டேவிட் ஹெஸ்டரே 2012-ல் வழக்குப் போட்டார். ஆனால் பொய்ப் பொருளைவிட எனக்கு உறுத்துவது, அத்தனை எபிசோடிலும் அறையின் பழைய சொந்தக்காரர் ஒருவராகவே இல்லாமல் போவதுதான்.

நம்ம தர்மபுரிப் பக்கம் ஜனங்கள் பொருளை வாடகை அறையில் போட்டு வைப்பதில்லை, அடகு வைக்கிறார்கள். மழை பொய்த்தாலும், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் என்றாலும் முதலில் போவது நகைதான். மீட்க முடியாவிட்டால் "நகை மூழ்கிடுச்சு" என்போம். ஏல அறிவிப்பு பேப்பரில் வரும், அடகு எண்கள் பொடி எழுத்தில் வரிசையாக. அதைப் பார்த்தால் நமக்கு யாரும் சொல்லாமலே மறுபக்கம் தெரியும். அந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு வீடு.

இரண்டு ஏலத்தையும் சட்டம் பார்க்கும் விதம் கிட்டத்தட்ட ஒன்று. கலிபோர்னியாவில் கிடங்கு ஏலத்தில் பாக்கியும் செலவும் போக மிச்சம் வந்தால் அது பழைய வாடகைதாரருக்கு உரியது. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 176-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது: கடனுக்கு மேல் வந்த பணம் அடகு வைத்தவருக்கு. 177-வது பிரிவின்படி விற்பனை நடக்கும் நிமிடம் வரை மீட்கும் உரிமையும் உண்டு.

வித்தியாசம் விலையில் இருக்கிறது. நகைக்கு எடை உண்டு, மாற்று உண்டு, அன்றைய ரேட் உண்டு. அதனால்தான் ரிசர்வ் வங்கியால் தன் 2025 விதிகளில், ஏலத்தின் ஆரம்ப விலை அப்போதைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது (இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85) என்று எழுத முடிந்தது. மூடிய பெட்டிக்கு அப்படி எழுத முடியுமா? கண்ணை மூடிக் கேட்கும் விலை எப்போதும் அடிமாட்டு விலைதான். உண்மையான மதிப்பு பெட்டியைத் திறந்த பிறகு தெரியவரும், அதற்குள் பொருள் கை மாறியிருக்கும். மிச்சம் சொந்தக்காரருக்கு என்ற சட்டம் அங்கே வெறும் காகிதமாகிவிடுகிறது. தொடரில் வரும் 'அதிர்ஷ்டம்' எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவருக்குக் கிடைக்காமல் போன மிச்சத்திலிருந்துதான்.

இப்போது 2007-க்குத் திரும்புங்கள். மையர் பிறந்தது 1926-ல். பெட்டிகள் ஏலம் போனபோது அவருக்கு 81 வயது, அதே சிகாகோவில் உயிரோடு இருந்தார். கையில் காசில்லை, அவர் வளர்த்த பிள்ளைகள்தான் வீட்டு வாடகைக்கு உதவினார்கள். 2009 ஏப்ரலில் இறந்தார். ஒரு உறையிலிருந்த பெயரை இணையத்தில் தேடிய மாலூஃபுக்குக் கிடைத்தது, சில நாள் முன்பு வெளியான இரங்கல் குறிப்பு. படம் இதை விதியின் விளையாட்டு மாதிரி காட்டிவிட்டு நகர்கிறது. எனக்கு அங்கேதான் படம் தொடங்கியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மாலூஃப் இல்லாவிட்டால் அந்த நெகட்டிவெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும் என்பீர்கள். இருக்கலாம். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றியதும் உரிமையும் ஒன்றல்ல. நெகட்டிவை வாங்கினால் காப்புரிமை கூடவே வராது. 2014-ல் இந்த விவகாரம் குக் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய், 2016-ல் மாலூஃபுக்கும் மையரின் எஸ்டேட்டுக்கும் உடன்பாடு ஆனது. படம் கேட்காத கேள்வியைக் கோர்ட் கேட்டது.

உங்கள் வீட்டு நகை எங்காவது மூழ்கியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன விலைக்குப் போனது, கடன் போக மிச்சம் எவ்வளவு என்று கணக்கை எழுத்தில் கேளுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ ஏலப் பணம் முழுசாக வந்த ஏழு வேலை நாளுக்குள் மிச்சத்தைத் தர வேண்டும் என்று அதே 2025 விதிகளில் இருக்கிறது.