ஜிதானுக்கு எதிரி, நமக்கு கோச்!

புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் தெற்கே போனால், அரியாங்குப்பம் தாண்டியதும் நோணாங்குப்பம். உங்களில் பாதிப் பேர் அங்கே சுண்ணாம்பாறு படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்திருப்பீர்கள். இந்த வாரம் நான் சொல்லப்போவது வேறொரு உடுப்பைப் பற்றி. ஃபுட்பால் ஜெர்ஸி. எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குப் பெயர் பனியன்.

நோணாங்குப்பத்தில் எனக்கு ஒரு மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்று சொல்வார்களே, அந்த வகை. மாசம் பிறந்தால் பென்ஷன், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உலகக் கோப்பை, இரண்டும் அவருக்கு பிரான்ஸிலிருந்து வரும். 1998-ல் பிரான்ஸ் ஜெயித்தபோது வாங்கிய நீல நிற ஜெர்ஸியை பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அத்தைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

2006 ஜூலை 9, ராத்திரி. இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் ஃபைனல். நம் கடிகாரத்தில் பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. மாமா அந்த நீல ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டி.வி-யைப் போட்டால் ஒரு வேடிக்கை. அன்றைக்கு பிரான்ஸ் வெள்ளை, இத்தாலி நீலம்! "மாமா, நீங்க இத்தாலி ஆளு மாதிரி இருக்கீங்க" என்றேன். முறைத்தார். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ட்ரா டைமில் மாட்டராஸி ஏதோ சொல்ல, ஜிதான் திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் முட்ட, சிவப்பு அட்டை. 1998 ஃபைனலில் இரண்டு கோல் போட்ட அதே தலை. பெனால்டியில் இத்தாலி ஜெயித்தது. மாமா டி.வி-யை அணைத்துவிட்டு, "இனிமே அந்த ஆளு பேரு இந்த வீட்டுல வரக்கூடாது" என்றார்.

வந்தது. எட்டு வருஷம் கழித்து, அவர் வீட்டு வாசல் வழியாகவே வந்தது.

2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தது. சென்னையின் எஃப்.சி. என்று நமக்கும் ஓர் அணி. நீல ஜெர்ஸி. கோச் யார் தெரியுமா? மார்கோ மாட்டராஸி! மாமாவின் பேரன் அந்த ஜெர்ஸியை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். மாமா சொன்னார்: "அந்தாளு டீம் பனியனை இந்த வீட்டுக் கொடியில காயப்போடக் கூடாது." பையன் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டான்.

இது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. மாமா கேட்காமல் கேட்ட கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. ரசிகன் எதை நேசிக்கிறான்? ஆளையா, ஊரையா, நிறத்தையா, துணியையா?

அமெரிக்க நகைச்சுவையாளர் ஜெர்ரி சைன்ஃபீல்ட் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் அணி மாறிக்கொண்டே இருக்கிறார்கள், மாறாமல் இருப்பது உடுப்பு மட்டும்தான், ஆக நாம் கைதட்டுவது துணிமணிக்குத்தான் என்பது அவர் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரிலும் சாட்சி உண்டு. சென்னைக்காக கோல் போட்டுத் தள்ளிய ஜெஜே 2020-ல் ஈஸ்ட் பெங்கால் போனார். அதே வருஷம் வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூர் போனார். அனிருத் தாப்பா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். முதுகில் தாப்பா பெயர் அடித்த ஜெர்ஸியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீடு துடைக்கலாமா?

ஆனால் சைன்ஃபீல்ட் சொல்வது பாதிதான் சரி. துணிக்கென்று தனியாக ஒரு மகிமையும் கிடையாது. பிரேஸில் என்றதும் மஞ்சள் ஞாபகம் வருகிறதில்லையா? 1950 வரை அவர்கள் ஆடியது வெள்ளையில். சொந்த மண்ணில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்றதும் வெள்ளை ராசியில்லை என்று தூக்கிப் போட்டார்கள். 1953-ல் ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. கொடியிலுள்ள நாலு நிறமும் வரவேண்டும் என்பது நிபந்தனை. ஜெயித்தவர் அல்டிர் ஷ்லீ என்ற 19 வயதுப் பையன். உருகுவே எல்லையை ஒட்டிய ஊர்க்காரர். அவருக்கு உள்ளூரப் பிடித்த அணி எது? உருகுவே! அதையும் கேளுங்கள்: பிரேஸில் முதன்முதலில் உலகக் கோப்பையை வென்ற 1958 ஃபைனலில் எதிரணி ஸ்வீடனும் மஞ்சள் என்பதால், பிரேஸில் ஆடியது நீலத்தில்.

மாமாவின் பிரான்ஸுக்கும் ஒரு கதை உண்டு. 1978 உலகக் கோப்பையில் ஹங்கேரியோடு ஆட்டம். இரண்டு அணியும் வெள்ளை ஜெர்ஸியோடு வந்துவிட்டன. கடைசியில் அர்ஜென்டினாவின் கிம்பர்லி என்ற உள்ளூர் கிளப்பிடம் பச்சை-வெள்ளைப் பட்டை போட்ட ஜெர்ஸியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு பிரான்ஸ் ஆடியது. 3-1 என்று ஜெயிக்கவும் செய்தது.

இன்னொன்று. 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா 'கடவுளின் கை' கோலும், உலகத்தையே வாய்பிளக்க வைத்த அந்த இன்னொரு கோலும் போட்டாரே, அந்த நீல ஜெர்ஸி மெக்ஸிகோ நகரத்தில் அவசரமாகக் கடையில் வாங்கியது. நம்பரை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். அது 2022-ல் ஏலத்தில் சுமார் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஜெர்ஸிக்கு மதிப்பு தைக்கும்போது வருவதில்லை, வியர்க்கும்போது வருகிறது. அதனால்தான் இன்றைய ஜெர்ஸி வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். வருஷா வருஷம் ஒரு ஹோம், ஒரு அவே, முடிந்தால் மூன்றாவதாகவும் ஒன்று. எப்போது விற்கிறார்கள் கவனித்தீர்களா? சீஸன் தொடங்குவதற்கு முன்னால். ஏனென்றால் அப்போதுதான் எல்லா அணியும் பூஜ்யத்தில் இருக்கிறது. எல்லா ரசிகனும் சாம்பியன். புத்தாண்டு ராசிபலன் மாதிரி. மேஷத்துக்கும் நல்ல காலம், மீனத்துக்கும் நல்ல காலம்.

சென்னையின் ஜாதகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் பட்டியலில் முதலிடம், செமி ஃபைனலில் கேரளாவிடம் அவுட். 2015-ல் ஒரு கட்டத்தில் கடைசி இடம், கடைசியில் கோப்பை. 2017-18-ல் மறுபடி கோப்பை. அடுத்த சீஸனில் பதினெட்டு ஆட்டத்தில் வெறும் 9 புள்ளி, பத்தாவது இடம், அதாவது கடைசி. 2019-20-ல் ஃபைனல் வரை வந்து தோல்வி. அப்புறம் மூன்று சீஸன் தொடர்ச்சியாக எட்டாவது இடம். எட்டு, எட்டு, எட்டு! ஆட்டோவுக்கு நம்பர் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு பிடிவாதமாக இருக்க மாட்டார்கள்.

இருந்தும் ரசிகன் போகிறான். நோணாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை, நேரு ஸ்டேடியம். ஆட்டம் முடிய ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆகும். வீடு திரும்ப விடியற்காலை. தோற்ற அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் பிரயோஜனமில்லை. இவனுக்கு கிளப் என்ன திருப்பித் தருகிறது? என் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2019-ல் புனே சிட்டி காணாமல் போய் அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. அதே வருஷம் டெல்லி டைனமோஸ் ஒடிஷாவுக்கு ஜாகை மாறியது. டெல்லி ஜெர்ஸி வாங்கி வைத்தவன் புவனேஸ்வருக்குக் குடிபோவதா? கொல்கத்தாவில் 1911-ல் வெள்ளைக்காரர்களின் ராணுவ அணியை, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடித் தோற்கடித்த மோகன் பகானின் பெயருக்கு முன்னால் 2020-ல் 'ஏ.டி.கே.' என்று மூன்றெழுத்தை ஒட்டினார்கள். ரசிகர்கள் மூன்று வருஷம் விடாமல் சண்டை போட்டார்கள். 2023-ல் எழுத்து போயிற்று. ஆனால் எத்தனை ஊரில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது?

நம் பக்கம் பாருங்கள். சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரில் ஆடி 2018-19 ஐ-லீக்கை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தி ஜெயித்தது. ஸ்விட்சர்லாந்தின் பாஸெல் கிளப்பே பங்கு வாங்கியது. 2021-22 சீஸனில் தேடினால் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோவையில் யாரோ ஒரு பையனின் அலமாரியில் அந்த ஜெர்ஸி இன்னமும் மடித்து இருக்கும். ஜெர்ஸி இருக்கிறது, அணி இல்லை.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்-லே அந்த நிலைமைக்கு வந்தது. ஃபுட்பால் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடியும் நேரம். புதுப்பிக்கவில்லை. சீஸன் நிறுத்திவைப்பு என்று அறிவித்தார்கள். பெங்களூரு கிளப் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. பிறகு ஒருவழியாக 2026 பிப்ரவரியில் சுருக்கப்பட்ட சீஸன் ஆரம்பித்தது. புது ஜெர்ஸி எந்த நிறம் என்று கேட்ட ரசிகன், ஆட்டமாவது உண்டா என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

இன்னொரு புகார். நோணாங்குப்பத்திலிருந்து அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கடலூர். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்ப் பெண். 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனலில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்தது. பெண்கள் ஃபுட்பாலில் மணிப்பூரை ஜெயிப்பது லேசான காரியம் இல்லை. அடுத்த வருஷமே மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையும் வென்றது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மெஸ்ஸி கிடைப்பார், ரொனால்டோ கிடைப்பார், எழுத்துப் பிழையோடு எம்பாப்பேயும் கிடைப்பார். இந்துமதி ஜெர்ஸி ஒன்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். தப்பு அவர் மேல் இல்லை. கேட்காத சரக்கை யார் தொங்கவிடுவார்கள்? கேட்காதது நாம்தான், என்னையும் சேர்த்து.

சரி, மாமா கதைக்கு வருகிறேன்.

2015 டிசம்பர். சென்னையில் வெள்ளம். நேரு ஸ்டேடியத்தில் நடக்கவேண்டிய செமி ஃபைனல் புனேக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊரில் ஆட முடியாத அணி கொல்கத்தாவை அங்கே 3-0 என்று ஜெயித்து ஃபைனலுக்குப் போனது. டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். மாமா பேப்பர் படிக்கிற மாதிரி ஹாலில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். முடியப்போகிற நேரத்தில் கோவா 2-1. பையன் முகத்தை ஜெர்ஸிக்குள் இழுத்து மூடிக்கொண்டான். 90-வது நிமிஷம், கோவா கோல்கீப்பரே பந்தை உள்ளே விட்டார். 2-2. அடுத்து ஸ்டிவன் மெண்டோஸா. 3-2. கோப்பை!

டி.வி-யில் மாட்டராஸி ஓடுகிறார், குதிக்கிறார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெர்னார்ட் மென்டி இருக்கான்ல அந்த டீமுல, அவன் நம்ம ஆளு, பிரான்ஸு" என்றார். சாக்குக் கிடைத்துவிட்டது! நானும் எடுத்துக் கொடுத்தேன்: "மாமா, 2006 பிரான்ஸ் டீம்ல இருந்த சில்வெஸ்டரே 2014-ல மாட்டராஸிகிட்டதான் சென்னைக்கு ஆடினாரு. அவரே ராசியாயிட்டாரு, நீங்க எதுக்கு வம்பு வெச்சுக்கிட்டு?" மாமா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த நீல ஜெர்ஸி அவர் வீட்டுக் கொடியிலேயே காய்ந்தது. அத்தை சொல்லித்தான் தெரியும், துவைத்துப் போட்டதே மாமாதானாம்.

போன மாதம் நோணாங்குப்பம் போயிருந்தேன். சாயங்காலம் பொட்டலில் பையன்கள் மேட்ச். எதிரணிக்கு முழு செட் பனியன். நம் பையன்களிடம் சரியாகப் பதினொன்றுதான். முதுகில் நம்பரைவிட, பணம் கொடுத்த கடையின் பெயர் பெரிது. இரண்டாவது பாதியில் ஒருவனுக்குக் காலில் அடி. நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் அங்கேயே பனியனைக் கழற்றினான். உள்ளே போகவேண்டியவன், சொட்டச் சொட்ட நனைந்திருந்த அதை அப்படியே தலைவழியாக மாட்டிக்கொண்டு ஓடினான். முகம் சுளிக்கவில்லை.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "அடுத்த மாசம் பென்ஷன் வந்ததும் இந்தப் பசங்களுக்கு ஒரு செட் தைக்கணும்டா" என்றார்.

"என்ன கலர் மாமா?"

"எதுவா இருந்தா என்ன? பதினஞ்சா தைக்கச் சொல்லு."