திகனவும் திருச்சபையும்: இரண்டு குரல்கள்

2018 மார்ச் 5ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவரின் மரணம் அதற்குச் சாட்டானது. மறுநாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் இந்தச் சிங்கள-முஸ்லிம் பகையில் எந்தப் பக்கத்தவரும் அல்லர். அப்படிப்பட்ட சமயத்தவர் பொதுவாழ்வில் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதே அவர்கள் சொல்லின் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. இலங்கைத் திருச்சபைகள் தம் நிறுவனங்களுக்காக உரத்துப் பேசியிருக்கின்றன. அயலாருக்காகப் பேசியவர்கள் சிலரே. ஆனாலும் அந்தச் சிலரின் பேச்சுத்தான் இன்றும் எடை குறையாமல் நிற்கிறது.

1960-61இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்றபோது கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்த்தனர். அவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் 1948இல் தோட்டத் தமிழர் குடியுரிமை இழந்தபோது அப்படியொரு திரள் எழவில்லை. மலையகத்துக்கான அங்கிலிக்கன் தமிழ் மிஷன் 1854இல் தோட்டத் துரைமாரின் பண உதவியோடு தொடங்கியது என்பதை நினைத்தால் இந்த மௌனம் வியப்பல்ல. பண்பாட்டிலும் இதே கோணல் உண்டு. கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம் சுவரின்றி, செதுக்கிய கற்தூண்களோடு கண்டிய அரச மண்டபம் போல நிற்கிறது. உள்ளே டேவிட் பெயின்ரரின் சுவரோவியங்கள். அழகான துணிச்சல்தான். ஆனால் சுதேசியமாவது என்றால் அங்கே சிங்கள அரசவையின் கலைதான். மலையகத் தமிழரின் தப்பும் காமன்கூத்தும் அந்த வாசலுக்கு வெளியேதான் நின்றன.

இந்தப் பின்னணியில் 1972 முக்கியமான ஆண்டு. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய என்ற அமைப்பை நிறுவி, சிங்களவரும் தமிழரும் சேர்ந்து தோட்ட மக்களிடையே உழைக்க வழிசெய்தார். அதே ஆண்டு கண்டி ஆயர் லியோ நாணயக்கார, புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றுப் போனார். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலைத் தமிழர் படுகொலையை ஒழுக்கரீதியாக நியாயப்படுத்த முடியாது என்று தம் மறைமாவட்டத்துக்கு வெளிப்படையாகச் சொன்னார். சில வாரங்களில் காலமானார்.

2012 குடிசனமதிப்பின்படி 7.6 வீதமேயான சமூகம் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். வழிபாட்டுத் தலங்கள் குறித்த 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டிச் சிறு சுவிசேஷ சபைகளை மூடச் சொன்னதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளும் உண்மை. ஆனால் தற்காப்பும் இரண்டு விதம்: தனக்கு மட்டுமானது ஒன்று, அயலாருக்கும் உதவுவது மற்றொன்று. குண்டுவெடிப்புக்குப் பின் கர்தினால் மல்கம் ரஞ்சித் பழிவாங்க வேண்டாம் என்று வேண்டியதோடு, முன்னெச்சரிக்கை கிடைத்தும் அரசு ஏன் அசையவில்லை என்று விடாமல் கேட்டார். 2023 ஜனவரியில் அந்த அலட்சியத்துக்காக உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. அந்தக் கேள்வி கிறிஸ்தவரின் கேள்வி மட்டுமன்று; திகனவில் கடையை இழந்தவரும் அதையேதான் கேட்கிறார்.

அயலாருக்காகப் பேசாத இந்தச் சிக்கல் திருமணச் சட்டத்தில்தான் அதிகம். 1952ஆம் ஆண்டுக் கண்டிய விவாகச் சட்டத்தின்கீழ் மணந்த சிங்களத் தம்பதி பரஸ்பர சம்மதத்துடன் பிரியலாம். அதே ஊரில் பொதுச் சட்டத்தில் மணந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண், கணவனின் சோரத்தையோ கைவிட்டுப் போனதையோ நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்; வழக்குச் செலவு வேறு. பொதுச் சட்டத்தைத் தளர்த்தினால் குடும்பம் குலையும் என்பது திருச்சபைக்காரரின் வழக்கமான அச்சம். கண்டியச் சிங்களக் குடும்பங்கள் எழுபது ஆண்டுகளாக அந்தத் தளர்வோடுதான் வாழ்கின்றன. அவை குலைந்து போய்விடவில்லை. மணம் திருவருட்சாதனம் என்று நம்புவதற்கு அரசின் கடுஞ்சட்டம் தேவையில்லை. தோட்டத்து லயத்தில் அடிவாங்கும் மனைவிக்குத் தேவைப்படுவது எளிய சட்டம்; அதற்காக எந்த மறைமாவட்டமும் பாடசாலைகளுக்காகத் திரண்டதுபோல் இன்னும் திரளவில்லை.