பன்னிரண்டில் ஒரு பங்கு

புதுப்பித்த பொம்மை வீடு எங்கே கண்ணில் பட்டாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது தரையைத்தான். மேசை நாற்காலியைக் கடையில் வாங்கிவிடலாம். தரையில் செய்தவரின் கண் தெரிந்துவிடும்.

பிரிட்டனில் தொண்டு நிறுவனங்களின் பழைய பொருள் கடைகளிலும், கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்கும் சந்தைகளிலும் பழைய பொம்மை வீடுகள் இன்னும் கிடைக்கின்றன. லைன்ஸ் சகோதரர்கள் மூவர் தயாரித்த 'ட்ரை-ஆங்' வீடுகளுக்குத் தனி மதிப்பு. 1930-களில் வந்தவற்றின் ட்யூடர் பாணி முகப்பும் உலோக ஜன்னல்களும் பேர்போனவை. ஆனால் என் மனம் போவது, எவரோ தம் பேத்திக்காக ஒட்டுப்பலகையில் அடித்துக் கொடுத்த, இன்று கூரை ஆடும் வீட்டின் மேல்தான்.

இந்தக் கலையின் பொதுக் கணக்கு 1:12. ஓர் அடி, ஓர் அங்குலமாகும். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-ல் முடிந்த ராணி மேரியின் பொம்மை வீடும் இதே அளவுதான். வின்ட்சர் கோட்டையில் இருக்கும் அந்த வீட்டில் குழாயும் மின்விளக்கும் நிஜமாகவே வேலை செய்யும்படி அமைத்தார்கள். அந்தக் கணக்கு, தூக்கிப் போடும் பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறதே, அதில்தான் எனக்கு ஆனந்தம். ஐஸ் குச்சியின் அகலம் சுமார் 1 செ.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் 12 செ.மீ.; நிஜ மரத்தளத்துப் பலகையின் அகலம்! உருண்டை முனைகளை நறுக்கி, கெட்டி டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்து, நன்றாக உலர்ந்தபின் இணைப்புகள் ஒரே கோட்டில் விழாதபடி ஒட்டி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால், பல தலைமுறை நடந்து தேய்ந்த தரை வந்துவிடும். 2 மி.மீ. பல்குச்சி 24 மி.மீ. ஆகிறது; மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் கம்பிகளுக்குக் கச்சிதம்.

சுவர்த்தாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். பரிசுத்தாளின் 2 செ.மீ. ரோஜா, அந்தச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்துவிடும். சில கடித உறைகளின் உட்புறம் அச்சிட்டிருக்கும் பொடி நீலக் கோலத்தை ஒட்டிப் பாருங்கள். அளவு சரியாக அமையும், செலவும் இல்லை.

துணிதான் கடைசிவரை அடங்காது. நறுக்கிச் சிறிதாக்கலாம், கனத்தை என்ன செய்வது? திரை விறைத்து நிற்கும். நைந்த கைக்குட்டையைத் தண்ணீர் கலந்த பசையில் நனைத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசியால் பிடித்துக் காயவிட்டால்தான் நிஜத் திரைபோல் தொங்கும். இதைப் பொறுமையாகச் செய்தவருக்கு என் முழு மதிப்பெண்.

உள்ளே எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிடும் பழக்கத்தை என்னால் ரசிக்க முடியவில்லை. உண்மைதான், பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்ந்தபடி தேய்ப்பது ஆபத்து. உரிந்து வரும் இடத்தைக் கவனமாகச் சரிசெய்தே ஆகவேண்டும். ஆனால் உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய சுவர்த்தாளை, ஓரம் மங்கியிருந்தாலும், ஓர் அறையிலாவது விட்டுவைக்கலாம். புதுத் தரையின் நிறத்தை அதற்கு இணங்கத் தேர்ந்துகொள்ளலாம்.